ஈபிசிஎஸ்16-க்குப் பதிலாக விண்பாண்ட் 25க்யூ16 போட்டால் சைக்ளோன் 4 ஏற்குமா?

தாமிரத்தடம்:

வணக்கம். ஆல்டெரா சைக்ளோன் 4 வரிசையில் ஈபி4சிஇ6 எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றக்கூடிய சிப்) வைத்து ஒரு சின்ன லாஜிக் அனலைசர் போர்டு வரைந்துகொண்டிருக்கிறேன், கல்லூரி ஆய்வகத்துக்காகக் கொஞ்சம் எண்ணிக்கையில் செய்ய வேண்டும். மின்சாரம் வந்ததும் எஃப்பிஜிஏ தன் வடிவமைப்பைப் படித்துக்கொள்ள ஆல்டெராவின் ஈபிசிஎஸ்16 நினைவகச் சிப்பை வைக்கலாம் என்றிருந்தேன், ஆனால் அந்த வரிசையின் உற்பத்தியே நின்றுவிட்டது, மிச்சம் கிடைப்பதும் சாதாரண எஸ்பிஐ பிளாஷை (சில கம்பிகளில் பிட் பிட்டாகப் பேசும் நினைவகம்) விடப் பல மடங்கு விலை. என்னிடம் விண்பாண்ட் டபிள்யூ25க்யூ16 இருக்கிறது. இதைப் போட்டால் ஆல்டெராவின் வடிவமைப்பு மென்பொருளான குவார்ட்டஸ் ஏற்குமா? அல்லது பெரிதாகவே இருக்கட்டும் என்று 25க்யூ32 போடலாமா? போர்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதனால் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் இப்போதே சொல்லுங்கள்.

கடிகாரத்துடிப்பு:

25க்யூ16 தாராளமாகப் போடலாம். 25க்யூ32 வேண்டாம், காரணம் கீழே.

ஈபிசிஎஸ் என்று ஆல்டெரா விற்றது தனி வகை நினைவகம் இல்லை, எஸ்டி நிறுவனத்தின் எம்25பி வரிசை பிளாஷ்தான், மேலே பெயர் மட்டும் வேறு. ஈபிசிஎஸ்4 என்றால் எம்25பி40, ஈபிசிஎஸ்16 என்றால் எம்25பி16. எஃப்பிஜிஏ எழும்போது செய்வது ரொம்ப எளிய வேலை: சிப் செலக்டைக் கீழே இழுத்து, படிக்கும் கட்டளையையும் 24 பிட் முகவரியையும் அனுப்பி, வருகிற பிட்டுகளை விழுங்கிக்கொண்டே போகும். அந்தக் கட்டளை 03 ஆனாலும் 0பி ஆனாலும் விண்பாண்ட், மேக்ரோனிக்ஸ், ஜிகாடிவைஸ் எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான். ஆக, படிப்பதில் உங்களுக்குப் பிரச்சினையே வராது.

பிரச்சினை வந்தால் எழுதும்போதுதான் வரும். குவார்ட்டஸ் எழுதுவதற்கு முன்னால் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) ஏபி என்ற கட்டளையை அனுப்பி ஒரு பைட் அடையாள எண்ணைக் கேட்கும். ஈபிசிஎஸ்4 சொல்லும் பதில் 12, ஈபிசிஎஸ்16-க்கு 14, ஈபிசிஎஸ்64-க்கு 16. இப்போது விண்பாண்ட் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்: 25க்யூ40 சொல்வது 12, 25க்யூ16 சொல்வது 14, 25க்யூ64 சொல்வது 16. அப்படியே பொருந்துகிறது. 25க்யூ32 சொல்வது 15, அந்த எண்ணில் ஈபிசிஎஸ் எதுவும் கிடையாது, அதனால்தான் அதைப் போட்டவர்களுக்கு சிலிக்கான் ஐடியை அடையாளம் காண முடியவில்லை என்ற பிழை வருகிறது. சிப்பில் குறை ஒன்றும் இல்லை, பதில் எண் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். இடமும் உங்களுக்குப் போதும்: ஈபி4சிஇ6-இன் பிட்ஸ்ட்ரீம் (எஃப்பிஜிஏவுக்குள் ஏற்றும் வடிவமைப்புத் தரவு) 29,44,088 பிட், அதாவது 4 மெகாபிட் சிப்பிலேயே அடங்கிவிடும்.

அரைபைட்:

மேலே சொன்னது சரி, ஆனால் "ஐடி பொருந்தினால் போதும்" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 128 மெகாபிட்டில் இது உடைகிறது. அங்கே அடையாளம் கேட்கும் கட்டளை 9எஃப், பதிலின் கடைசி பைட் 18, விண்பாண்ட் 25க்யூ128-உம் அதே 18-தான் சொல்லும். ஆனால் ஈபிசிஎஸ்128-இல் ஒரு செக்டார் (ஒரே தடவையில் அழியும் பகுதி) 256 கிலோபைட், விண்பாண்டில் டி8 கட்டளை அழிப்பது 64 கிலோபைட் மட்டும். கருவி செக்டார் செக்டாராக அழித்துக்கொண்டு போனால் முக்கால் பங்கு அழியாமலேயே கிடக்கும், அதன் மேல் எழுதினால் சரிபார்ப்பில் பிழை வரும். மொத்தமாக அழித்துவிட்டு எழுதினால் இது வெளியே தெரியாது, அதனால்தான் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குச் செய்வதில்லை. 16 மெகாபிட்டில் இரண்டு பக்கமும் 64 கிலோபைட் என்பதால் உங்களுக்குக் கவலை இல்லை.

இன்னொன்று எஸ்எஸ்டி25விஎஃப் வரிசை. எட்டு பின், அதே பின் வரிசை, பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். ஆனால் மின்சாரம் வந்ததும் எல்லா பிளாக்கையும் பூட்டிக்கொண்டுதான் எழும், 256 பைட் பக்கமாக எழுதும் கட்டளையும் அதில் பெரும்பாலான சிப்களில் கிடையாது. விலை குறைவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

பகுதி எண்ணின் வால் எழுத்துகளையும் பாருங்கள். எட்டு பின் ஈபிசிஎஸ்16-இன் உடல் 150 மில் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம். விண்பாண்டில் எஸ்என் என்றால் 150, எஸ்எஸ் என்றால் 208. ஜேவி என்றால் 3.3 வோல்ட், ஜேடபிள்யூ என்றால் 1.8 வோல்ட். 1.8 வோல்ட் சிப்பை 3.3-இல் போட்டால் போயே போச்சு. கடைக்காரரிடம் "25க்யூ16" என்று மட்டும் சொல்லிக் கேட்காமல் முழு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

தாமிரத்தடம்:

மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். சர்க்யூட்டில் ஈபிசிஎஸ் டேட்டாஷீட்டைப் பார்த்து 3, 7, 8 மூன்று பின்களையும் நேராக 3.3 வோல்ட்டில் கட்டியிருக்கிறேன், விண்பாண்டில் 3-உம் 7-உம் வேறு வேலை செய்கின்றனவே, அது சரிதானா? அப்புறம், சால்டர் செய்வதற்கு முன்பே சிஎச்341ஏ ப்ரோக்ராமரில் (பிளாஷில் எழுதும் யூஎஸ்பி கருவி) எல்லா சிப்பிலும் எழுதிவிடலாமா?

கடிகாரத்துடிப்பு:

3 என்பது ரைட் புரொடெக்ட் (எழுதுவதைத் தடுப்பது), 7 என்பது ஹோல்ட் (பரிமாற்றத்தை நிறுத்தி வைப்பது). சாதாரண ஒரு பிட் முறையில் இரண்டும் மேலேதான் (3.3 வோல்ட்டில்தான்) இருக்க வேண்டும், ஆக வேலை செய்யும். ஆனால் போர்டு இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்கிறீர்களே, அப்படியானால் இரண்டுக்கும் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்துவிடுங்கள். எண் ஐக்யூ என்று முடிகிற ஜேவி சிப்களில் குவாட் (ஒரே நேரத்தில் நான்கு பிட்) எனேபிள் பிட் தொழிற்சாலையிலேயே 1 ஆக வருகிறது. அந்த நிலையில் யாராவது குவாட் கட்டளை அனுப்பினால் இந்த இரண்டு பின்களும் வெளியீடாக மாறி மின் இணைப்போடு நேராக மோதும். நேராகக் கட்டியிருந்தால் அந்த பிட்டை 1 ஆக்கவே கூடாது என்று விண்பாண்ட் டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. சைக்ளோன் 4 குவாட் கட்டளை அனுப்பாது, ஆனாலும் பிறகு மாணவர்கள் அதே பிளாஷைத் தங்கள் வடிவமைப்பிலிருந்து தொட்டுப் பார்ப்பார்கள், ஆய்வகப் போர்டில் அது நடக்காமல் இருக்காது.

சிஎச்341ஏ பற்றி: எழுதலாம், ஆனால் குவார்ட்டஸ் தருகிற ஆர்பிடி கோப்பை அப்படியே எழுதினால் எஃப்பிஜிஏ எழாது. அந்தக் கோப்பில் ஒவ்வொரு பைட்டும் கடைசி பிட் முதலில் போகும் என்ற கணக்கில் இருக்கிறது, எஸ்பிஐ பிளாஷோ முதல் பிட்டை முதலில் அனுப்பும். அதனால் ஒவ்வொரு பைட்டுக்குள்ளும் எட்டு பிட்டையும் திருப்பிப் போட்டு எழுத வேண்டும், பைத்தானில் சில வரிகள்தான். அதோடு, கறுப்பு நிற சிஎச்341ஏ சிலவற்றில் சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். எனக்குக் கேட்டால் சால்டர் செய்த பிறகு ஜேடேக் (எஃப்பிஜிஏவுக்குள் வடிவமைப்பை ஏற்றும் இணைப்பு) வழியாக ஜேஐசி கோப்பு எழுதுவதே நிம்மதி. குவார்ட்டஸ் முதலில் எஃப்பிஜிஏவுக்குள் ஒரு சின்ன பாலத்தை ஏற்றி, அதன் வழியே பிளாஷில் எழுதும், பிட் திருப்பும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வடகரை_ஆர்டிஎல்:

சைலின்க்ஸ் (இன்னொரு எஃப்பிஜிஏ தயாரிப்பாளர்) பக்கம் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அவர்களின் ஆர்ட்டிக்ஸ் 7-இல் நான்கு பிட் அகலத்தில் படிக்கும்படி பிட்ஸ்ட்ரீம் செய்தால், எஃப்பிஜிஏ முதலில் ஒரு பிட் முறையில் தலைப்பகுதியைப் படித்து, அதிலிருக்கும் கட்டளையைப் பார்த்த பிறகே குவாட் முறைக்கு மாறுகிறது. மைக்ரான் என்25க்யூ சிப்பில் அதற்குத் தனி பிட் எதுவும் வைக்க வேண்டாம். விண்பாண்டிலும் மேக்ரோனிக்ஸிலும் குவாட் எனேபிள் பிட் 1 ஆக இருந்தால்தான் நடக்கும், அதுவும் இரண்டிலும் வெவ்வேறு இடத்தில்: விண்பாண்டில் இரண்டாவது ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் பிட் 1, மேக்ரோனிக்ஸில் முதல் ரெஜிஸ்டரில் பிட் 6. மைக்ரானை எடுத்துவிட்டு மேக்ரோனிக்ஸ் போட்டு, எழுதியது சரிபார்ப்பில் தேறியும் போர்டு எழவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

விலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. ஆய்வகப் போர்டுக்கு இது சரியான முடிவு, நானும் இதையே செய்வேன். விற்பனைக்குப் போகும் பொருளில், களத்தில் யாரும் திறந்து பார்க்க முடியாத இடத்தில் வைப்பதென்றால், குறைந்தது சிப்பையாவது அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். பழைய மதர்போர்டிலிருந்து கழற்றி மேல் எழுத்தைத் தேய்த்து மாற்றிய பிளாஷ் சந்தையில் சுற்றுகிறது, அது எத்தனை முறை அழித்து எழுதப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ராஸ்பெர்ரி பையில் பிளாஷ்ராம் மென்பொருளை ஓட்டி 9எஃப் பதிலைப் பாருங்கள். 25க்யூ16 ஜேவி என்றால் இஎஃப் 40 15 வர வேண்டும். ஏபிக்கு 14, 9எஃப்-க்கு 15, இரண்டும் வேறு கணக்கு, குழம்ப வேண்டாம்.

தாமிரத்தடம்:

சரி. டபிள்யூ25க்யூ16ஜேவிஎஸ்என்ஐக்யூ என்று முழு எண்ணையும் பொருள் பட்டியலில் எழுதிவிட்டேன், 3, 7 பின்களுக்கு 10 கிலோ ஓம் சேர்த்தாயிற்று, எழுதுவது ஜேஐசி வழியாகத்தான். என்னிடம் இருப்பவற்றில் கொஞ்சம் எஸ்எஸ் உடல் என்று இப்போதுதான் பார்த்தேன், அதனால் 208 மில்லும் உட்காரும்படி பேடுகளை வெளிப்பக்கம் நீட்டியிருக்கிறேன். அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

அரைபைட்:

இல்லை, நல்ல யோசனை. கால்களின் இடைவெளி இரண்டிலும் 1.27 மில்லிமீட்டர்தான், அகலம் மட்டுமே வேறு. சால்டர் பேஸ்ட் ஸ்டென்சிலில் மட்டும் பேடு முழுவதையும் திறக்காமல் இரண்டு உடலின் கால்களும் உட்காரும் பகுதியைத் திறந்து விடுங்கள், இல்லையென்றால் 150 மில் சிப் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காரும்.