பால் பல்லில் ஜிஐசி அடைப்பு நிற்கலீங்க

கோபி: ஏனுங்க, பள்ளி முகாமுல கொழந்தைங்களுக்கு வைக்கிற ஜிஐசி (கிளாஸ் அயனோமர் சிமென்ட், பல் குழியை அடைக்கிற கலவை) ஒரு மாசத்துல பேந்துடுது. அதுக்குப் பதிலா அமால்கம் (வெள்ளி நிற உலோக அடைப்பு) வைக்கலாமுங்களா?

ஈரோடு: வேண்டாமுங்க, அதுல பாதி பாதரசம். 15 வயசுக்குள்ள தவிர்க்கச் சொல்லி மினமாட்டா உடன்படிக்கை (பாதரசத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) நாடுகள் 2022லயே முடிவெடுத்தாச்சு. ஜிஐசி நிக்கோணும்னா கலக்கற முறையைப் பாருங்க. திரவப் பாட்டிலை நேராத் தலைகீழாப் புடிச்சு, குமிழி இல்லாத சொட்டு விடோணும். குமிழி இருந்தா திரவம் குறைஞ்சு கலவை வறண்டுரும். பளபளப்பு மங்கறதுக்குள்ள குழியில வெச்சுப்போடுங்க. மங்கினா பல்லுல ஒட்டாது.

பொள்ளாச்சி: ஜிஐசி வைக்கறதுக்கு முன்னால குழியைச் சுத்தம் பண்ணத் தடவுற கண்டிஷனரைக் (லேசான அமிலம்) கழுவிப்போட்டு பஞ்சுல ஒத்தினாப் போதும், ஒரேயடியாக் காய வைக்காதீங்க. எச்சில் பட்டா மறுபடி கழுவோணும். வெச்சதும் வாசலின் தடவுங்க. 1 மணி நேரம் மெல்லக் கூடாது.

ஈரோடு: இன்னொண்ணுங்க. நடக்கப் பழகாத கொழந்தைக்கு மேலுதட்டு உள்மடிப்பு கிழிஞ்சிருந்து, சொல்ற காரணம் பொருந்தலைன்னா, அது கொழந்தையைக் கொடுமைப்படுத்தினதா இருக்கலாம்; காயத்தை அளந்து எழுதி 1098க்குச் (கொழந்தைங்க உதவி எண்) சொல்லுங்க. பாலியல் கொடுமைன்னு சந்தேகமுன்னா போக்சோ (கொழந்தைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற சட்டம்) 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகோணும்.