பழைய பிளக்-இன் ஹைபிரிட் வாங்கலாமா? வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வத்தளை வாசி:

சின்னம்மாவின் மகன் 2014ஆம் ஆண்டு மிட்சுபிஷி அவுட்லாண்டர் பிஎச்இவி (வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏற்றிக் கரண்டிலும் ஓட்டலாம், பெற்றோலிலும் ஓட்டலாம், அந்தப் பிளக்-இன் ஹைபிரிட்) ஒன்றைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாக என்னைத் தூங்க விடுகிறான் இல்லை. தினமும் வேலைக்கு ஓட வேண்டும், மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போய்வர வேண்டும், இரண்டுக்கும் சரிவருமா அண்ணா என்று கேள்வி. போனில் சொல்லிக் களைத்துவிட்டேன். இங்கே எழுதிவிடுகிறேன், உங்கள் கதையையும் போடுங்கள், அவன் வாசிக்கட்டும்.

நான் அதே வண்டியை 2019 கடைசியில் இன்னொருவரிடம் வாங்கினேன். அடுத்த மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பிறகு 2025 பெப்ரவரி வரை கதவு திறக்கவே இல்லை. அதனால் விலை விஷயத்தில் என்னை யாரும் கெட்டிக்காரன் என்று நினைக்க வேண்டாம், அது குருட்டு அதிர்ஷ்டம்.

விற்றவர் தேத்தண்ணி எல்லாம் தந்தார். முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தார், கரண்டில் மட்டும் 44 கிலோமீற்றர் ஓடும் என்று டாஷ்போட்டில் காட்டியது. ஜப்பான் காகிதத்தில் 60.2 என்று இருக்கும், அதை நான் நம்பவில்லை. ஆனால் 44ஐ நம்பினேன். திங்கட்கிழமை ஏசி போட்டுக்கொண்டு கோட்டைக்குப் போய் வந்து, பின்னேரம் மகளை டியூஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது பற்றரி தீர்ந்து எஞ்சின் எழும்பிவிட்டது. கூட்டிப் பார்த்தால் 26 கிலோமீற்றர். அந்த 44 என்பது அதற்கு முன் வண்டியை ஓட்டிய விதத்தை வைத்து அது போடும் ஊகம்தானாம், ஏசி இல்லாமல் மெல்ல உருட்டியிருந்தால் அப்படித்தான் காட்டும். அப்புறம் ஒருவர் சொல்லி, ஓபிடி சொக்கற்றில் (கராஜ்காரர் காரின் கணினியைப் படிக்கச் செருகும் இடம்) செருகும் சின்னப் புளூடூத் கருவி ஒன்றை வாங்கிப் போனில் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது 40 ஆம்பியர்-மணி கொள்ளளவு இருக்க வேண்டிய பற்றரி 29இல் நின்றது. முதலிலேயே பார்த்திருந்தால் வாங்காமல் விட்டிருப்பேனா என்றால், இல்லை. விலையைக் குறைத்துக் கேட்டிருப்பேன்.

ஏனென்றால் அன்றாட ஓட்டத்துக்கு இவ்வளவு சுகமான வண்டியை நான் ஓட்டியதில்லை. ஏசி கம்பிரசர் கரண்டில் ஓடுகிறது, களனிப் பாலத்தடியில் அரை மணித்தியாலம் அடைபட்டு நின்றாலும் எஞ்சின் மூச்சுக் காட்டாது. கியர்பொக்ஸ் என்று ஒன்று இல்லை, முன்னுக்கு ஒரு மோட்டார் பின்னுக்கு ஒரு மோட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்பைத் தட்டி B5 என்ற கடைசிப் படிக்குக் கொண்டுபோனால் பிரேக்கைத் தொடாமலே வேகம் குறைந்துவிடும், குறைகிற வேகம் பற்றரிக்குக் கரண்டாகப் போகும்.

சார்ஜ் ஏற்றும் கதை வேறு. ஜப்பானில் இருந்து வந்த கேபிளின் தலையை யாரோ வெட்டிவிட்டு நம்மூர் 13 அம்பியர் பிளக் போட்டிருந்தார்கள். இரண்டாவது மாதம் ஒரு இரவு போர்ச்சில் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கை இழுத்தால் வரவில்லை, சொக்கற்றோடு ஒட்டிப்போய் ஒரு கால் பழுப்பாக உருகியிருந்தது. நாலைந்து மணித்தியாலம் தொடர்ந்து 15 அம்பியர் இழுத்தால் வேறென்ன நடக்கும்? இப்போது மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், நீல நிற இண்டஸ்ட்ரியல் சொக்கற். வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழுச் சார்ஜுக்கு 7, 8 யுனிற் போகிறது. வேலை நாள் எல்லாம் ஏற்றினால் கார் மட்டுமே மாதம் 180 யுனிற்றுக்குக் கிட்டப் போய்விடும், அதைத் தாண்டினால் பில் எந்தப் படிக்கு ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். நான் நேரத்துக்கு ஏற்ற கட்டண முறைக்கு மாறிவிட்டேன், இரவு 10.30க்குப் பிறகுதான் ஏற்றுவது.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலும் இல்லை, கரண்டும் இல்லை, இரண்டிலும் ஓடுகிற வண்டி ஒன்றிலும் ஓடாமல் நின்றது. ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்து வாரம் 20 லீற்றர் தரத் தொடங்கியபோது மின்வெட்டும் ஓரளவு குறைந்திருந்தது, அந்த 20 லீற்றர் எனக்கு மூன்று வாரம் போனது. என் வண்டியில் 1500 வாட் தரும் ஜப்பான் பிளக் பொயின்ற் ஒன்றும் உண்டு. இருட்டில் அம்மாவுக்குக் காற்று வரட்டும் என்று மேசை மின்விசிறியை அதில் மாட்டினேன். அது 100 வோல்ற். விசிறி இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்படிச் சுற்றியது. "இதுக்குப் பனையோலை விசிறி நல்லம்" என்றார் அம்மா. பிறகு வோல்ற்றைக் கூட்டும் ட்ரான்ஸ்போமர் ஒன்று தேடி வாங்கினோம், விசிறியும் வைஃபையும் இரவு முழுக்க ஓடின.

இனி யாழ்ப்பாணம். புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முதல் தடவை விஷயம் தெரியாமல் நீர்கொழும்பிலேயே பற்றரியைத் தீர்த்துவிட்டேன், மிச்சம் முழுக்க வெறும் பெற்றோல் கார், அதுவும் 1.8 தொன் எடை. ஐந்து பேர், சாமான், ஏசி, லீற்றருக்கு 12, 13 தாண்டவில்லை. என் பழைய அக்சியோ ஹைபிரிட் இதே ரோட்டில் 20க்கு மேல் தந்தது. இப்போது வீட்டு வாசலிலேயே, பற்றரியைச் செலவழிக்காமல் வைத்திருக்கும் சேவ் பொத்தானை அழுத்திவிடுவேன். 70ஐத் தாண்டி ஒரே சீராக ஓடும்போது எஞ்சின் நேரே முன் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும், அங்கே பெற்றோலை எரிப்பதுதான் நியாயம். பற்றரியை யாழ்ப்பாண டவுனுக்கு வைத்துக்கொள்வேன். 45 லீற்றர் தாங்கி, ஒரு தடவை நிரப்பினால் போய்ச் சேரலாம், வழியில் சார்ஜ் இடம் தேடும் தலையிடி இல்லை.

அங்கே மாமா வீட்டில் குசினி ஜன்னலால் எக்ஸ்ரென்ஷன் வயர் இழுத்துக் காரில் செருகினேன். பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காருக்குச் சேலைன் ஏத்துறியோ?" என்றார். அரை மணித்தியாலத்தில் வயர் சுட்டது, கழற்றிவிட்டேன்.

கண்டி மேட்டுக்காரன்:

நான் முதல் தலைமுறை பிரியஸ் பிஎச்வி, டொயோட்டாவின் பிளக்-இன், வைத்திருக்கிறேன். 4.4 கிலோவாட்-மணிப் பற்றரி, இப்போது கரண்டில் 15 கிலோமீற்றர் கிடைத்தால் அன்று நல்ல நாள். ஆனால் கொழும்பு போய்வர இது நல்ல வண்டி, பற்றரி தீர்ந்தாலும் சாதாரண பிரியஸ் மாதிரி ஓடும். வத்தளை அண்ணா சொன்ன எடைப் பிரச்சினை இதில் குறைவு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பற்றரி கரையும், அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன்.

ஒரு வேடிக்கை மட்டும். எங்கள் வீடு மேட்டில். இரவு முழுச் சார்ஜ் போட்டுக் காலையில் இறங்கினால், இறக்கத்தில் வரும் கரண்டை வைக்கப் பற்றரியில் இடமில்லை, வண்டி எஞ்சினைச் சுழற்றி வேகத்தைப் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு லொறி மாதிரி இரைச்சல், கீழ் வீட்டு அக்கா கார் பழுதா என்று கேட்டார். இப்போது முழுதாக ஏற முன் கழற்றிவிடுகிறேன்.

வெள்ளவத்தை:

நான் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறேன். மாடிக் குடியிருப்பு, வாடகை. வாங்கும்போது பார்க்கிங்கில் ஒரு சொக்கற் போடலாம் என்று சொன்ன நிர்வாகக் குழு, வாங்கிய பிறகு மீற்றர் யாருடையது, நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு என்று ஆறு மாதம் கூட்டம் வைத்தது. அவர்கள் கேட்டதில் தப்பில்லை, ஆனால் என் கார் அந்த ஆறு மாதமும் ஒரு தடவைகூடச் சார்ஜ் காணவில்லை. சார்ஜ் பொத்தானை அழுத்தி எஞ்சினால் பற்றரியை நிரப்பிப் பார்த்தேன், பெற்றோலைக் கரண்டாக மாற்றித் திரும்பவும் ஓட்டமாக்கும் அந்த வித்தைக்கு என் சம்பளம் காணாது. விற்றுவிட்டு, செருகத் தேவையில்லாத சாதாரண ஹைபிரிட் அக்குவா ஒன்று வாங்கினேன். வீட்டில் சொந்தப் பிளக் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள்.

ஹரோ, லண்டன்:

இங்கேயும் அதே அவுட்லாண்டர்தான். பிரசுரத்தில் கலனுக்கு 148 மைல், எனக்கு மோட்டர்வேயில் 70 மைல் வேகத்தில் 35. பெரும்பாலும் கம்பனி வரிச் சலுகைக்காக வாங்கப்பட்ட வண்டிகள், பழையதாகச் சந்தைக்கு வரும்போது சிலதில் சார்ஜ் கேபிள் பொலித்தீன் உறை பிரிக்காமலே இருக்கும். கேபிளைப் பார்த்தாலே முதல் சொந்தக்காரர் யாரென்று தெரியும். என் மாடலில் மின் ஹீற்றர் இல்லை, குளிர்காலத்தில் சூடு வேண்டுமென்றால் எஞ்சின் எழும்பும், பிள்ளையைப் பள்ளியில் விடும் இரண்டு மைலுக்கும் பெற்றோல். லண்டன் நடுநகருக்குள் ஓட்டக் கட்டும் கன்ஜெஷன் சார்ஜ் கட்டணத்தில் இருந்த விலக்கும் 2021 ஒக்டோபரோடு போய்விட்டது. ஆனாலும் கோடையில் வாரக்கணக்கில் பம்புக்குப் போகாமல் ஓட்டுகிறேன். அப்படி ஓட்டுபவர்கள் கவனிக்க, மூன்று மாதத்துக்குள் 15 லீற்றராவது அடிக்காவிட்டால் பற்றரி நிறைய இருந்தாலும் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். நான் கார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன், கைநூலில் அது எழுதித்தான் இருக்கிறது.

வத்தளை வாசி:

எல்லோருக்கும் நன்றி. தம்பி வாசித்துவிட்டு, பெரிய பற்றரி மாற்ற எவ்வளவு என்று கேட்டான். பெரியதை விடு, சின்னதைப் பார் என்றேன். போன வருடம் வவுனியாவில் சாப்பிட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் டாஷ்போட்டில் லைற்றெல்லாம் மினுங்குகிறது, ஓடத் தயார் என்று காட்டும் ரெடி வருகிறதில்லை. பெரிய பற்றரியில் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் அதை எழுப்பிவிடும் 12 வோல்ற் சின்னப் பற்றரி வயசாகிச் செத்துவிட்டது. ஓட்டோக்காரர் ஒருவர் வயர் கொடுத்து எழுப்பிவிட்டார், காசு வாங்கவில்லை, கரண்ட் காருக்கு ஓட்டோ கரண்ட் கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிவார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை அவனோடு வண்டி பார்க்கப் போகிறேன், புளூடூத் கருவி என் சட்டைப் பையில். முதல் நாள் இரவு சார்ஜ் ஏற்ற வேண்டாம், நாங்களே வந்து செருகி, நிரம்பியதும் ஏசியோடு ஓட்டிப் பார்க்கிறோம் என்று விற்பவரிடம் சொல்லச் சொன்னேன். ஏன் என்று இரண்டு தரம் கேட்டாராம்.