ஒரே இலத்தீன் வினை, ஸ்பானியத்தில் வருகை, ருமேனியத்தில் புறப்பாடு: எப்படி?

சொல்வேட்டை:
மத்ரீதில் பணிபுரிகிறேன், ஸ்பானியம் ஓரளவு வரும், ருமேனியம் இப்போதுதான் தொடக்கம். ஸ்பானிய 'யெகார்', போர்ச்சுகீசிய 'ஷெகார்', ருமேனிய 'ப்ளெகா' ஆகிய மூன்றும், மடித்தல் என்று பொருள்படும் 'ப்ளிகாரே' என்னும் ஒரே இலத்தீன் வினையின் வழிவந்தவை என வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதை நம்பி, ருமேனிய நண்பர் 'ப்ளெக் அகும்' என்று செய்தி அனுப்பியதும், வாசலுக்கே வந்துவிட்டார் என எண்ணிக் காபியை ஊற்றி வைத்தேன். அவரோ அப்போதுதான் தம் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார். முதலிரண்டு மொழிகளில் வந்துசேர்தலைக் குறிக்கும் வினை ருமேனியத்தில் புறப்படுதலைக் குறிப்பது ஏன்?

ஏட்டுச்சுவடி:
வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: கடலோடிகள் கரை சேர்ந்ததும் கப்பற்பாயை மடித்தார்கள், ஆகவே ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் மடித்தல் வருகையாயிற்று, ருமேனியா உள்ள டான்யூபு ஆற்றுப் பக்கத்துப் படைவீரர்களோ கூடாரத்தை மடித்துவிட்டுக் கிளம்பினார்கள், ஆகவே அங்கே அது புறப்பாடாயிற்று. நாம் 'மூட்டை கட்டிவிட்டார்' என்பதைப் போலத்தான். கேட்க அழகாக இருக்கிறது. அந்த அழகே எனக்கு ஐயத்தைத் தருகிறது. கப்பலைக் கரையோடு அணைப்பதற்கு 'அப்ளிகாரே' என்னும் முன்னொட்டு வடிவத்தைப் பழைய இலத்தீன் எழுத்தாளர்களே கையாண்டிருப்பதால், ஸ்பானியப் பொருளை விளக்கப் பாய் தேவையே இல்லை. கூடாரக் கதையை ஊகமாகவே கொள்வேன்.

ருமேனியத்தில் பழைய பொருளும் அழியவில்லை. 'குனிந்த தலையை வாள் வெட்டாது' என்னும் அவர்களுடைய பழமொழியில் 'குனிந்த' என்ற இடத்தில் நிற்பது 'ப்ளெகாத்', அதாவது இதே வினையின் எச்சம். இத்தாலிய 'பியெகாரே', பிரெஞ்சு 'ப்ளியே' ஆகியவை இன்றும் மடித்தல், வளைத்தல் என்ற அளவிலேயே நிற்கின்றன.

சொல்வேட்டை:
நன்றி ஐயா. 'ப்ளி' என்ற ஒலி 'யெ' என்றும் 'ஷெ' என்றும் மாறியது எப்படி? வந்துசேர்தலுக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'அரிவே' வேறு சொல்லா?

கரைவழி:
வேறுதான். இலத்தீனில் 'ரீபா' என்றால் நீர்க்கரை; கரையை அடைவதே 'அரிவே' ஆயிற்று. அதுவும் ஓடக்காரர் சொல்லே.

ஒலிமாற்றம் இந்த ஒரு வினைக்கு மட்டும் உரியதன்று. மழை பெய்தலைக் குறிக்கும் வினையைப் பாருங்கள்: இத்தாலியத்தில் 'பியோவெரே', ருமேனியத்தில் 'ப்ளொவா', ஸ்பானியத்தில் 'யொவேர்', போர்ச்சுகீசியத்தில் 'ஷொவேர்'. சொல்முதலில் வரும் 'க்ள்' ஒலியும் இவ்வழியே சென்றிருக்கிறது. திறவுகோலைக் குறிக்கும் இலத்தீன் 'க்ளாவிஸ்', ஸ்பானியத்தில் 'யாவே' எனவும் போர்ச்சுகீசியத்தில் 'ஷாவே' எனவும் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசியர் அதை 'ச்சாவே' என்றே ஒலித்தனர். அவர்கள் கப்பலில் வந்து நம் வாயில் தங்கிவிட்டதுதான் 'சாவி'.