சீரியலில் ஓர் ஆணும் பெண்ணும் கடைசிவரை நண்பர்களாகவே இருக்க முடியாதா?

செல்லூர்க்காரி கேட்டது:

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறரைக்குப் போடுகிற டிவி பத்து மணிக்குத்தான் அணையும். அப்பத்தா, அம்மா, மதினி மூன்று பேரும் பார்ப்பார்கள். வேலை முடிந்து வந்ததும் நானும் உட்கார்ந்துவிடுவேன். சீரியலைக் குறைவாக நினைக்கிற ஆள் இல்லை நான், பிடித்துத்தான் பார்க்கிறேன். அதனால்தான் இந்த விஷயம் இவ்வளவு உறுத்துகிறது.

கதாநாயகி வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பையன் வருவான். நல்ல பையன். கேலி பேசுவார்கள், சண்டை போடுவார்கள், அவளுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். பார்க்கவே நிறைவாக இருக்கும். அப்புறம் ஒருநாள் அவள் கால் இடறும். அவன் தாங்கிப் பிடிப்பான். அந்த ஒரு பிடியை மூன்று கோணத்தில் மெதுவாகக் காட்டி, பின்னால் புல்லாங்குழல் வாசிப்பார்கள். அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “முடிஞ்சு போச்சு, இதுகளுக்கும் கல்யாணந்தான்” என்பார். அவர் சொன்னது இதுவரை தப்பியதில்லை.

அப்படி இல்லாவிட்டால் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் காட்சியிலேயே அவனை “அண்ணா” என்று கூப்பிட வைத்துவிடுவார்கள். “என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி” என்று அவன் ஊரறியச் சொல்லிவிட்டால் பிறகு ஆபத்தில்லை. ஒன்று புருஷன், இல்லை அண்ணன். இரண்டுமில்லாதவன் வில்லன்.

நான் கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கூட வேலை பார்க்கும் ஒருவன் டேலி வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து என் நண்பன். லாரி வந்து நின்றால் அவன் மூட்டையை எண்ணி எண்ணிச் சொல்லுவான், நான் பில்லோடு ஒத்துப் பார்ப்பேன். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்காக இரண்டு பேரும் ராத்திரிவரை உட்கார்ந்திருப்போம். எனக்குக் கோபம் வந்தால் அவனிடம்தான் கொட்டுவேன். அவன் கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டு தூக்கியவளும் நான்தான். அவன் எனக்கு அண்ணன் இல்லை. வேறு எதுவும் இல்லை. நண்பன்.

போன வாரம் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா யார் என்று கேட்க, அம்மா “அவளுக்கு அண்ணன் மாதிரி” என்றார். அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் “கூட வேலை பாக்குற ஃபிரெண்டு” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் பார்க்கிற கதைகளில் அப்படி ஒரு உறவு நடமாடியிருந்தால் வாய் வந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது எழுதுகிறவர்களுக்கு வராததா, பார்க்கிறவர்கள் விடாததா? எந்த மொழியிலாவது கடைசிவரை நண்பர்களாகவே இருந்த ஆண், பெண் பாத்திரங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

கேபிள்காரர், ஆரப்பாளையம்:

வணக்கம்மா. நீங்கள் ‘கோலங்கள்’ பார்க்கிற வயதில் இல்லையோ என்னவோ. 2003 கடைசியில் சன் டிவியில் ஆரம்பித்து 2009 கடைசிவரை ஓடியது, 1500 எபிசோடுக்கு மேல். தேவயானிதான் அபி. அவருக்கு நண்பராக வரும் தொல்காப்பியனாக, இயக்குநர் திருச்செல்வமே நடித்தார். அபி அவரை “தொல்ஸ்” என்று கூப்பிடும். அண்ணா இல்லை, அத்தான் இல்லை, தொல்ஸ். அந்த நட்பைப் பற்றி அன்றைக்குப் பேசாத வீடு கிடையாது.

அப்போது உங்கள் செல்லூர்ப் பக்கமும் எங்கள் லைன்தான். அந்த அரைமணி நேரத்துக்குத் தறியை நிறுத்தி வைக்கிற வீடுகள் இருந்தன. ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்டு போய்ப் படம் நின்றுவிட்டால் போன் வந்துகொண்டே இருக்கும், ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அதில் வில்லன் பெயர் ஆதி. மறுநாள் வசூலுக்குப் போனால் எல்லோரும் கேட்டது, “ஆதி எப்ப மாட்டுவான்? அபி கம்பெனி நிக்குமா?” தொல்காப்பியனை அபி கட்டிக்கொள்ளுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கதை அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

ஜனங்களுக்கு ஜோடி சேர்த்துப் பார்க்கிற ஆசை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நம்ம ஊர் பெயரிலேயே விஜய் டிவியில் ‘மதுரை’ என்று ஒரு சீரியல் வந்தது. அதில் வந்த சரவணன், மீனாட்சி ஜோடியை ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், 2011-இல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ‘சரவணன் மீனாட்சி’ எடுத்தார்கள். அதில் நடித்த செந்திலும் ஸ்ரீஜாவும் பின்னால் நிஜத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். வசூலுக்குப் போன இடத்தில் சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தையும் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

---

வடபழஞ்சி ஐடி:

ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தவரை ரொம்ப உறுதியாக நின்றது ‘எலிமென்டரி’. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையை இன்றைய நியூயார்க்குக்குக் கொண்டுவந்து, வாட்சனைப் பெண்ணாக்கினார்கள். ஜோன் வாட்சன், நடித்தது லூசி லியூ. அறுவை மருத்துவராக இருந்து அந்த வேலையை விட்டவள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் ஷெர்லாக்குக் கூடவே தங்கித் துணையிருக்க வருகிறாள், அப்புறம் அவனிடம் தொழில் கற்று அவளும் துப்பறிவாளராகிறாள். இவர்களுக்குள் காதல் வராது என்று உருவாக்கியவர்கள் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். 2012 முதல் 2019 வரை 7 சீசன், 154 எபிசோடு. சொன்னபடியே முடித்தார்கள். ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுப்பார்கள், புல்லாங்குழல் மட்டும் வரவில்லை.

‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் 1993-இல் தொடங்கியபோதும் அதை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டருக்கு அதே எண்ணம்தான். அதில் வரும் மோல்டரும் ஸ்கல்லியும் எஃப்.பி.ஐ.யில் சக அதிகாரிகள், ஒருவரை ஒருவர் மதிக்கிறவர்கள், அவ்வளவு போதும் என்றுதான் எடுத்தார். ரசிகர்கள் விடவில்லை. வருஷம் போகப் போக அதுவும் காதல் பக்கம் சாய்ந்தது. ‘ஃபிரெண்ட்ஸ்’ என்றே பெயர் வைத்த தொடரில் ஆறு பேரில் நான்கு பேரை இரண்டு ஜோடியாக்கிவிட்டார்கள். மிஞ்சியது ஜோயியும் ஃபீபியும். எனக்கு அந்தத் தொடரிலேயே மனசுக்கு நெருக்கமான இருவர் அவர்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கையான நம்பிக்கை வேறு உண்டு. ஜோடியைச் சேர்த்துவைத்தால் தொடர் படுத்துவிடும் என்று அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் ரொம்ப நாள் பயந்தார்கள். அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் ‘மூன்லைட்டிங்’, 1985 முதல் 1989 வரை வந்தது, நடித்தது சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும். 1987-இல் கதையில் இருவரையும் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு பார்ப்பவர்கள் குறைந்தார்கள். ஆனால் அதே சமயத்தில் ஷெப்பர்ட் இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார், வில்லிஸ் சினிமாவுக்குப் போய்விட்டார், 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். இருவரும் ஒரே காட்சியில் வருவதே அபூர்வமாகிவிட்டது. தொடர் சரிந்ததற்குக் காதல் மேல் மட்டும் பழி போட முடியாது.

---

உசிலம்பட்டி, முன்பு வசன உதவி:

நான் சென்னையில் ஒரு சீரியலில் வசன உதவியாளராக இருந்தேன். எந்த சீரியல் என்பது வேண்டாம். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு. வியாழக்கிழமை ரேட்டிங் வரும். அது இறங்கினால் வெள்ளிக்கிழமை கதையில் கை வைப்பார்கள். ஒவ்வொரு எபிசோடும் “அடுத்து என்ன?” என்று முடிந்தாக வேண்டும். காதலில் அந்தக் கேள்வி தானாகவே இருக்கிறது. சொல்வானா, மாட்டானா, வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்று ஆறு மாதம் ஓட்டலாம். நட்பில் அதைத் தனியாக உண்டாக்க வேண்டும். எழுதுகிறவனுக்கு இரட்டை வேலை.

வெளியே தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. நண்பன் பாத்திரத்துக்குக் கதையில் பாதுகாப்பு கிடையாது. கணவனாக நடிப்பவருக்குப் படப்பிடிப்புக்கு வர டேட்ஸ் இல்லாமல் போனால், மறுநாள் வேறு ஒருவர் வந்து நிற்பார், கீழே “இவருக்குப் பதில் இவர்” என்று போட்டுவிடுவோம். அண்ணனுக்கும் அப்படித்தான். நண்பனாக நடிப்பவர் வேறு சீரியலுக்குப் போனால் அவனுக்குப் பதில் ஆள் தேடமாட்டார்கள். “பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிட்டான்” என்று ஒரு வரி வசனம், தீர்ந்தது. அவன் கதையில் தங்க வேண்டுமானால் யாருக்காவது ஏதாவது முறையாக வேண்டும்.

ஒருமுறை கதாநாயகியும் அவள் நண்பனும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போகிற காட்சி எழுதினேன். வில்லங்கச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்று சர்வே எண்ணைச் சரிபார்க்கிறார்கள். அவன் அவசரப்படுகிறான், அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறாள், உட்பிரிவு எண் மாறியிருப்பதை அவள்தான் பிடிக்கிறாள். “ஒன்னைய மாதிரி ஒரு ஆள் இல்லேன்னா நான் இந்நேரம் கையெழுத்துப் போட்டு நாசமாப் போயிருப்பேன்” என்கிறான். படித்தவர்கள் நல்லா இருக்கிறது என்றார்கள். ஆனால் மேலிருந்து குறிப்பு வந்தது: “ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது வேணும்.” படப்பிடிப்பில் ஃபைல் கீழே விழுந்தது, இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், தலை முட்டியது, பார்த்துக்கொண்டார்கள். உட்பிரிவு எண்ணை எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

---

மேலூர் டீச்சர்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

“அண்ணே” என்கிற முறையை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பரீட்சைக்கு வரும் பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேர், பஸ் தவறிய அன்றைக்கு ஊர்ப் பையன் ஒருவனின் டிவிஎஸ் வண்டியில் ஏறித்தான் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அண்ணே என்று கூப்பிடுவதால்தான் வீட்டில் ஏற விட்டார்கள். அந்த முறை இல்லையென்றால் அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியிருக்காது.

அப்புறம், நட்பு காதலானால் நட்பு கெட்டுப்போனதாக ஏன் நினைக்க வேண்டும்? என் வீட்டுக்காரர் பி.எட். படிக்கும்போது எனக்கு நண்பர்தான். நோட்ஸ் மாற்றிக்கொண்டோம், கற்பித்தல் பயிற்சிக்கு ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டு பிறகு பழகுவதைவிட, பழகியவரைக் கட்டிக்கொள்வது எவ்வளவோ மேல். சீரியலில் அதைக் காட்டினால் நான் கைதட்டத்தான் செய்வேன்.

---

செல்லூர்க்காரி:

டீச்சர், நீங்கள் சொன்னதை மதினியிடம் வாசித்துக் காட்டினேன். “டீச்சர் சொல்றதும் நெசந்தானே” என்றார். உங்கள் கதையைச் சீரியலாக எடுத்தால் நானும் விடாமல் பார்ப்பேன். நட்பு காதலாவதில் எனக்கு வருத்தமில்லை. எல்லா நட்பும் காதலாகியே தீர வேண்டும் என்று எடுப்பதுதான் வருத்தம். பி.எட். வகுப்பில் உங்களுக்கு வேறு ஆண் நண்பர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்களில் யாரையும் நீங்கள் கட்டிக்கொள்ளவில்லை. அந்த நட்புக்கும் ஒரு கதை இருக்கும். அதை யார் எடுப்பது?

அண்ணே என்கிற முறையும் அப்படித்தான். தெருவுக்கு அது தேவைப்படுகிறது, அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியது பெரிய விஷயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து மூன்று தலைமுறைப் பெண்களிடம் தினமும் பேசுகிற ஒரு கதை, தெரு போட்ட விதிக்குள்ளேயே நிற்க வேண்டுமா? ‘கோலங்கள்’ நிற்கவில்லையே. கேபிள்காரர் சொன்ன பிறகு அம்மாவிடம் கேட்டேன், தொல்காப்பியன் பெயரைச் சொன்னதுமே முகம் மாறிவிட்டது. “அந்த மாதிரி ஒரு ஆளு கூட நின்னாப் போதும்டி” என்றார். அவர் என்ன முறை என்று அம்மா யோசிக்கவே இல்லை.

எல்லோரும் எழுதியதைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று பிடிபடுகிறது. அபிக்கும் தொல்காப்பியனுக்கும் நடுவே கட்டடக் கம்பெனி இருந்தது, ஆதியின் பகை இருந்தது. ஷெர்லாக்குக்கும் ஜோனுக்கும் நடுவே வழக்குகள். உசிலம்பட்டி அண்ணன் எழுதிய காட்சியில் வில்லங்கச் சான்று. எனக்கும் என் நண்பனுக்கும் லாரி மூட்டை. செய்து முடிக்க ஒரு வேலை இருக்கும்போது இரண்டு பேரும் அதைத்தான் பார்க்கிறார்கள், ஒருவரை ஒருவர் உற்றுப் பார்க்க நேரமில்லை. “ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது வேணும்” என்று சொன்னவர்களுக்குக் கையிலிருந்த காகிதமே கண்ணில் படவில்லை. உட்பிரிவு எண் மாறியிருக்கிறது என்று ஒரு எபிசோடை முடித்திருந்தால், எங்கள் அப்பத்தா ராத்திரி தூங்கியிருக்கமாட்டார். நிலம் வாங்கி ஏமாந்த குடும்பம் எங்களுடையது. அவருக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய “அடுத்து என்ன” என்று.

அந்தக் காட்சியை இங்கே முழுசாகப் போடுங்களேன். தலை முட்டுவதற்கு முன்னால் நீங்கள் எழுதியபடி.

---

உசிலம்பட்டி, முன்பு வசன உதவி:

கையெழுத்துப் பிரதி ஊரில் பெட்டிக்குள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், எடுத்துத் தட்டச்சு செய்து போடுகிறேன். அடுத்த காட்சியும் எழுதியிருந்தேன், அது படமாகவே இல்லை. இரண்டு பேரும் அந்த நிலத்தை விற்க வந்தவர் வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அதையும் சேர்த்துப் போடுகிறேன்.

---

கேபிள்காரர், ஆரப்பாளையம்:

போடுங்க தம்பி. பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் வசூலுக்குப் போகிற வீடுகளில் கொடுக்கிறேன். என்ன சொல்கிறார்கள் என்று வந்து எழுதுகிறேன்.