ஏர் வென்ட்: 'காற்றுத்துளை' வேண்டாம், 'காற்றுப்போக்கி' ஆகட்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வீட்டு வெப்பமூட்டும் அமைப்பில், குழாயில் சேரும் காற்றை வெளியேற்றும் கருவியான ஏர் வென்ட்டை மாற்றும் முறையைத் தமிழாக்கிவரும் அன்பர், அக்கருவியைக் 'காற்றுத்துளை' எனலாமா என்று கேட்டிருந்தார். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணம் இலக்கணத்தில் இல்லை, கருவி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ் என்பதால் இவ்வமைப்பை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். லண்டனிலும் பாரிஸிலும் வாழும் நம்மவர் வீடுகளில் அன்றாடம் புழங்குவது அது. கொதிகலனில் சூடாகும் நீரைப் பம்பு ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. சூட்டை இழந்த நீர் மீண்டும் கொதிகலனுக்கே வருகிறது. நீரில் கரைந்துள்ள காற்று, சூடேறும்போது குமிழ்களாகப் பிரிந்து குழாயின் உச்சியில் தேங்கும். அப்போது ரேடியேட்டரின் அடி சுடும், தலை சில்லிட்டிருக்கும். குழாய்க்குள் களகளவென்று ஓசை கேட்கும். நம் ஊர்ப் பிளம்பர் இதை 'ஏர் லாக்' என்பார்.

அந்தக் காற்றை வெளியேற்றவே உச்சியில் ஒரு சிறு பித்தளைக் குப்பியைச் செங்குத்தாகப் பொருத்துகிறார்கள். உள்ளே ஒரு மிதவை. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மிதவை எழும்பி வால்வை மூடுவது போலவே இங்கும் நடக்கிறது. காற்று சேர்ந்து நீர்மட்டம் தாழ்ந்தால் மிதவை இறங்கும், ஊசி வால்வு திறக்கும், காற்று போகும். நீர் ஏறியதும் வழி அடைபடும். குப்பியின் தலையில் உள்ள சிறு மூடி எப்போதும் சற்றுத் தளர்ந்தே இருக்க வேண்டும். 'துளை' என்று படித்தவருக்கு என்ன தோன்றும்? துளையில் நீர் கசிந்தால் அடைப்பதுதான் முறை என்று மூடியை இறுக்கிவிடுவார். கசிவு நிற்கும், காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே பெயரிலேயே வேலை தெரிய வேண்டும்.

'காலதர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'கால்' என்றால் காற்று, 'அதர்' என்றால் வழி. சாளரத்துக்கு வழங்கிய அழகான பழஞ்சொல். ஆனால் சாளரத்தில் காற்று வரவும் செய்யும், போகவும் செய்யும். இக்கருவியின் வேலை காற்றைப் போக்குவதும் நீரைத் தடுப்பதும். வால்வுக்குச் சிலர் ஆளும் 'ஓரதர்' என்பதை ஒட்டி 'வளியோரதர்' என்ற பரிந்துரையும் வந்தது. பொருள் பிழையில்லை. ஆனால் கையில் ஸ்பேனருடன் நிற்பவர் அதைப் படித்துத் திகைப்பார். கலைச்சொல் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நம்மிடம் புகைபோக்கி இருக்கிறது. சமையலறையில் பிறந்து ஆலைவரை சென்ற சொல். அதே அச்சில் 'காற்றுப்போக்கி' என்று வைத்தால் விளக்கமே தேவைப்படாது. புகைபோக்கியில் மிகாத ஒற்று இங்கு ஏன் மிகுகிறது என்று கேட்கலாம். 'காற்று' வன்றொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகிய உகரத்தில் முடியும் சொல், என்பதால்தான். ஒற்று உறுத்தினால் 'வளிபோக்கி' எனலாம் என்றாலும் என் வாக்கு காற்றுக்கே.

இன்னொரு நன்மையும் உண்டு. வீராணத்திலிருந்து சென்னைக்கு வருவது போன்ற நெடுந்தொலைவுக் குடிநீர்க் குழாய்களில் மேடான இடங்களில் வைக்கும் 'ஏர் வால்வு'க்கும் இச்சொல் பெருமளவு பொருந்தும். அவற்றுள் சில குழாய் வெறுமையாகும்போது காற்றை உள்ளேயும் விடும்; அவ்வகைக்குத் தனிச்சொல் தேவை. சூடான காற்றையே அறைக்குள் செலுத்தும் அமைப்புகளில் சுவரிலும் தரையிலும் இருக்கும் கம்பிச் சட்டத்தையும் ஆங்கிலத்தில் வென்ட் என்றே அழைக்கிறார்கள். அதற்குக் 'காற்றுவாய்' போதும்; இரண்டையும் கலக்க வேண்டாம்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

"கொதிகலனை அணைத்து நீர் ஆறும்வரை பொறுக்கவும். காற்றுப்போக்கியின் அடியில் அடைப்பு வால்வு இருந்தால் மூடவும். இல்லையேல் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கும்வரை வடிக்கவும். பழைய காற்றுப்போக்கியைக் கழற்றி, புதியதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றிச் செங்குத்தாகப் பொருத்தவும். மூடியைத் தளர்த்தி வைக்கவும். அடைப்பு வால்வை மூடியிருந்தால் திறக்கவும். நீர் நிரப்பி, ஆறிய நிலையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்கிறதா என்று பார்க்கவும்."

எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. தானாக இயங்குவது 'தானியங்கிக் காற்றுப்போக்கி'; ரேடியேட்டர் ஓரத்தில் சாவியால் திருகித் திறப்பது 'கைத்திருகு காற்றுப்போக்கி'. பின்னது சற்று நீளம். தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய்ப் பணி கற்பிக்கும் அன்பர்கள் இதைவிடக் குறுகிய சொல் வகுப்பில் வழங்கினால் எழுதுங்கள்; அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து