பேண்டம் டி1: டைமிங் சரியாக வைத்தும் மேட்டில் இழுக்கவில்லை

கிராணி பேரன் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். தோட்டக் கிராணியாக இருந்த என் தாத்தா ஓட்டிய பி.எஸ்.ஏ. பேண்டம் டி1 மோட்டார் சைக்கிள், இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டின் பின்தாழ்வாரத்தில் தார்ப்பாயின் கீழ்க் கிடந்தது. பிஸ்டன் வளையம், கிராங்க் ஆயில் சீல், பாயின்ட் (திறக்கும்போது தீப்பொறியை விழவைக்கும் தொடுமுனை), கண்டென்சர் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, சென்ற ஆண்டு அதை ஓட வைத்துவிட்டேன். இரண்டாவது உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. பட்டணத்துச் சமதளச் சாலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பழைய தோட்டத்திற்குப் போகும் மேட்டில், இப்போது செம்பனைக் குலை லாரிகள் ஏறுகிற அந்தச் செம்மண் பாதையில், பாதி தூரம் போவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. மேலே போய் நிறுத்தினால் சிலிண்டரிலிருந்து வரும் அனல் காலைச் சுடுகிறது.

டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருமுன் தீப்பொறி விழும் நேரத்தை, நான் வைத்த விதம் இதுதான்: பாயின்ட் இடைவெளி 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் ஒரு கோடும் அதிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடும் அரத்தால் கீறிக்கொண்டேன். பிஸ்டன் அந்த இரண்டாவது கோட்டில் நிற்கும்போது, பாயின்டுக்கு நடுவே வைத்த சிகரெட் தாள் நழுவும்படி, பாயின்ட் பொருத்திய பிளேட்டைத் திருப்பி முடுக்கினேன். புத்தகம் சொல்லும் 5/32 அங்குலத்திற்கு அது ஏறக்குறையச் சரிதானே?

பட்டணத்தில் எனக்கு உதிரிப் பாகங்கள் தருகிற தவுக்கே (கடை முதலாளி), அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காக எழுதிய கணக்கு இப்போதைய 95 ஆக்டேன் பெட்ரோலுக்குச் சரிப்படாது, டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார் என்றார். பிளேட்டைத் தொடாமல், பாயின்டை மட்டும் 20 தௌ வரை திறந்து பார்த்தேன். மேட்டில் கொஞ்சம் சுறுசுறுப்பு வந்தது உண்மைதான். ஆனால் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தமும் கூடவே வந்தது. மறுநாள் காலை உதைத்தபோது பெடல் திருப்பி அடித்ததில் கணுக்கால் இரண்டு நாள் வீங்கியிருந்தது. எது சரியான அளவு என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய பிஸ்டன் (தைப்பிங்):

தம்பி, புத்தகத்தில் உள்ள அளவில் தவறில்லை. நீங்கள் அளந்த விதத்தில்தான் தவறு இருக்கிறது. டி1 சிலிண்டர் தலையில் பிளக் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. சாய்ந்த துளையில் விட்ட கம்பி, பிஸ்டன் நேராக நகரும் தூரத்தைக் காட்டாமல், அதைவிடக் கூடுதலாகவே காட்டும். கம்பியில் 4 மில்லிமீட்டர் என்று நீங்கள் நினைத்த இடத்தில் பிஸ்டன் உண்மையில் மூன்றரை மில்லிமீட்டர்கூடக் கீழே இறங்கியிருக்காது. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை நகரும் தூரம், 58 மில்லிமீட்டர். தீப்பொறி விழ வேண்டிய அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆகவே அரை மில்லிமீட்டர் தவறினால் ஏறக்குறைய இரண்டு பாகை பின்தங்கிவிடும். மேட்டில் இழுக்காததற்கும், எஞ்சின் வெந்து போனதற்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

நான்கு நட்டுகளைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டுப் பிஸ்டனின் நடு உச்சியில் டயல் கேஜை (நகரும் தூரத்தை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) நேராக நிறுத்துங்கள். உச்சிப் புள்ளியைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. உச்சிக்கு இந்தப் பக்கம் ஐந்து பாகை, அந்தப் பக்கம் ஐந்து பாகை வரை பிஸ்டன் 0.15 மில்லிமீட்டர்கூட நகராது. முள் அசையாமல் நிற்கும் இடமெல்லாம் உச்சி போலவே தோன்றும். கிராங்கை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, முள் ஏறி நின்று திரும்புகிற அந்த அதிகபட்ச எண்ணில் டயலைப் பூஜ்ஜியத்திற்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் கிராங்க் எந்தப் பாகையில் நிற்கிறது என்று அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை. பாயின்ட் இடைவெளியை முதலில் 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீட்டர், வைத்து இறுக்கிவிட்டு, அதன் பிறகுதான் டைமிங்கைத் தொட வேண்டும். இடைவெளி கூடினால் பாயின்ட் முன்னதாகத் திறக்கும், குறைந்தால் தாமதமாகத் திறக்கும். 20 தௌ வைத்தபோது உங்களுக்கே தெரியாமல் டைமிங்கைப் பல பாகை முன்னால் இழுத்துவிட்டீர்கள். கணுக்கால் அதற்குக் கொடுத்த விலை. பேண்டம் டி1-இல் தீப்பொறியைத் தானாக முன்பின் நகர்த்தும் கருவி எதுவும் கிடையாது. கிக் அடிக்கும் வேகத்திற்கும் மேடு ஏறும் வேகத்திற்கும் ஒரே நிலைதான் என்பதால், கூடுதலாகத் தள்ளிய பாகை முதலில் காலில்தான் தெரியும்.

கிராங்கை ஓடுகிற திசைக்கு எதிராக உச்சியிலிருந்து 7, 8 மில்லிமீட்டர் வரை பின்னால் சுழற்றி, பிறகு ஓடுகிற திசையிலேயே மெல்ல ஏற்றி 3.97 மில்லிமீட்டரில், அதாவது புத்தகத்தின் 5/32 அங்குலத்தில், நிறுத்துங்கள். நேரே பின்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் பேரிங்கில் உள்ள ஆட்டமும் அளவோடு சேர்ந்துவிடும். பிளேட்டைச் சுழற்சிக்கு எதிர்த்திசையில் திருப்பினால் டைமிங் முன்னேறும்.

பெட்ரோலைப் பற்றித் தவுக்கே சொன்னதை நான் ஏற்க மாட்டேன். போர் முடிந்த காலத்தில் பிரிட்டனில் கிடைத்த பெட்ரோல் 72 ஆக்டேன் அளவில்தான் இருந்தது. 95 அதைவிட நன்றாக, அந்தக் கூழாங்கல் சத்தம் தரும் தட்டலைத் (knock) தாங்கும், அவ்வளவுதான். தாங்கும் என்பதற்காக முன்னால் தள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. பின்னாளில் வந்த 175 சிசி பேண்டம்களுக்கு அளவே வேறு என்பதால், எஞ்சின் எண்ணின் முன்னெழுத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராணி பேரன்:

மிக்க நன்றி, அண்ணன். எண் டி1 என்றே தொடங்குகிறது. சிகரெட் தாளுக்குப் பதில் பேட்டரியும் சிறு பல்பும் வைத்துப் பார்க்கலாமா? எங்கள் பக்கத்து மெக்கானிக் அப்படித்தான் செய்வாராம்.

ஊதாப்புகை (குளுவாங்):

பழைய பிஸ்டன் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேட்டரிக் காயில் உள்ள வண்டிகளில் பல்பு நன்றாக வேலை செய்யும். உங்கள் வண்டியில் அப்படியே வைத்தால் ஏமாற்றும். பாயின்டோடு இணைந்துள்ள காயிலின் முதல் சுற்றுக்கு மின்தடை மிகக் குறைவு என்பதால், பாயின்ட் திறந்த பிறகும் மின்சாரம் காயில் வழியாகச் சுற்றிவரும். பல்பு அணையாது, வெளிச்சம் ஒரு சிட்டிகை மங்கும், அதைப் பகலில் கண்ணால் பிடிக்க முடியாது. காயிலிலிருந்து பாயின்டுக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் பல்பு சுத்தமாக அணையும். தாள் மலிவு, அதுவே போதும். ஆனால் அதன் துணுக்கு பாயின்டுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய துணுக்கைத் தேடாமல் கண்டென்சரைத் திட்டிக்கொண்டே நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கிராங்க் பேரிங் மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. பாயின்டைத் திறக்கும் கேம் கிராங்கின் முனையிலேயே இருப்பதால், பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் இடைவெளியும் சேர்ந்து ஆடும். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே வைத்துக்கொண்டு தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இறுக்கம் கணிசமாக மாறினால், எத்தனை கவனமாக வைத்தாலும் அந்த டைமிங் நிலைக்காது.

கிராணி பேரன் (ஒன்பது நாள் கழித்து):

தலையைக் கழற்றி டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பழைய கம்பியைத் துளையில் விட்டு என் இரண்டாவது கோட்டில் நிறுத்தி, பிஸ்டன் அசையாதபடி தலையைத் தூக்கிவிட்டு அளந்தால், டயல் 3.4 என்று காட்டியது; அண்ணன் சொன்ன கணக்கு அப்படியே வந்துவிட்டது. தண்டை ஆட்டியபோது இடைவெளி ஒரு தௌ அளவுக்கே மாறியது, அதை விட்டுவிட்டேன். 15 தௌ வைத்து இறுக்கி, 3.97-இல் தாள் நழுவும்படி பிளேட்டை முடுக்கினேன். நேற்று மாலை மழை விட்ட பிறகு அதே மேட்டில் இரண்டாவது கியரில் நிற்காமல் ஏறினேன், கூழாங்கல் சத்தம் இல்லை, உதையும் காலைத் திருப்பவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். மேலே நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து உதைத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஓடுகிறது.

பழைய பிஸ்டன்:

அது டைமிங் வேலை அல்ல, தம்பி, பிளேட்டைத் தொடாதீர்கள். சூட்டில் பிடிக்காத நேரத்தில் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்போடு ஒட்டவைத்து உதைத்துப் பாருங்கள். பொறி மஞ்சளாக மெலிந்து தெரிந்தால் காயில் சூட்டில் கசிகிறது என்று பொருள். புதுக் கண்டென்சரிலும் சில நாளிலேயே போவது உண்டு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள், விலை குறைவு.