வாக்ஸஹாச்சி கோர்ட்ஹவுஸ்: சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கட்டடம்?

செந்தில்_டல்லஸ்

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை டல்லஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஊர் நடுவே சதுக்கத்தில் எல்லிஸ் கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்ஹவுஸ் நிற்கிறது. சிவப்பு மணற்கல், இளஞ்சிவப்புக் கிரானைட், உச்சியில் மணிக்கூண்டு. சுற்றிலும் இருப்பதெல்லாம் ரெண்டு மாடிக் கடைகள்தான். விடுமுறை என்பதால் உள்ளே போக முடியவில்லை.

விவசாயத்தை நம்பியிருந்த ஒரு கவுன்டி ஏன் இவ்வளவு செலவழித்தது? இன்னொன்று, வாசல் தூண்களின் தலையில் முகங்கள் செதுக்கியிருக்கிறார்கள். சில அழகு, சில படு கோரம். சிற்பியின் காதல் தோல்விதான் காரணம் என்று அங்கே ஒருவர் சொன்னார். உண்மையா?

கற்கட்டு

செந்தில், பழைய கட்டடங்களைச் சீரமைப்பதுதான் என் தொழில். இந்தக் கட்டடம் என்றால் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். கோர்ட்ஹவுஸ் கட்டுவதற்குக் கவுன்டிகள் கடன் பத்திரம் வெளியிடலாம் என்று டெக்சஸ் சட்டமன்றம் 1881-ல் அனுமதி தந்தது. கல் கட்டடங்கள் வரிசையாக எழும்பியது அதன் பிறகுதான். எல்லிஸ் கவுன்டி கரிசல் பூமி, பருத்தி கொழித்த இடம். அந்த வருமானத்தை நம்பித் தொடங்கிய வேலை 1897-ல் முடிந்தது. நிலப் பத்திரம், வரி, கல்யாணப் பதிவு, வழக்கு எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். மரக் கட்டடம் தீப்பிடித்தால் யார் நிலம் யாருடையது என்பதற்கே ஆதாரம் போய்விடும். அதனால் கல்லுக்குச் செலவழித்ததை வெறும் ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். பாணி ரோமனஸ்க்: முரட்டுக் கல் முகப்பு, கனத்த அரைவட்ட வளைவு, குட்டைத் தூண்கள். ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் அமெரிக்காவில் பரப்பிய பாணி இது. அவருடைய பிட்ஸ்பர்க் கோர்ட்ஹவுஸ் 1888-ல், அவர் இறந்து ரெண்டு வருடம் கழித்து முடிந்தது. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கார்டனின் கெட்டிக்காரத்தனம் உள்ளே இருக்கிறது.

கட்டடத்தின் தரைப்படம் ஒரு கூட்டல் குறி. அதன் உள்மூலைகளில் வாசல் மண்டபங்கள். நடுவில் படிக்கட்டு, அதற்கு நேர் மேலே கோபுரம். டெக்சஸ் வெயில் உங்களுக்கே தெரியும், அன்றைக்கு ஏசி ஏது? மூலை நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வரும், சூடான காற்று படிக்கட்டுள்ள நடுவெளியில் மேலேறிக் கோபுரம் வழியாகப் போய்விடும். அழகுக்காக வைத்ததாக நாம் நினைக்கும் கோபுரம் உண்மையில் ஒரு புகைபோக்கி. இதே திட்டத்தை அவர் பல கவுன்டிகளில் கட்டினார்.

பிற்காலத்தில் பல ஊர்களில் இதைப் பாழாக்கினார்கள். நடுவெளியைத் தளம் போட்டு அடைத்தார்கள், ஃபால்ஸ் சீலிங் மாட்டினார்கள், நீதிமன்றக் கூடத்தின் பால்கனியை மறைத்து அறைகளாக்கினார்கள். அப்படி ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 1998-ல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட், டெக்சஸ் கோர்ட்ஹவுஸ்களை அழிவின் விளிம்பில் இருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. மறு வருடமே மாநில அரசு, வரலாற்று ஆணையம் மூலம் சீரமைப்பு நிதி தரத் தொடங்கியது. கவுன்டியும் தன் பங்கைப் போட வேண்டும். அந்த நிதி வந்திராவிட்டால் பல கோபுரங்கள் இன்று இருந்திருக்காது.

மீனா_ஆஸ்டின்

அந்த இளஞ்சிவப்புக் கிரானைட் பர்னெட் கவுன்டியிலிருந்து வந்தது. ஆஸ்டினில் 1888-ல் திறந்த கேபிடல் என்ற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்துக்கும் அதே பகுதிக் கல்தான்.

அக்கா, அந்த முகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

கற்கட்டு

சொல்கிறேன் மீனா. தான் தங்கியிருந்த விடுதிக்காரியின் வீட்டுப் பெண்ணைச் சிற்பி விரும்பினான், அவள் மறுக்க மறுக்க முகங்கள் கோரமாகிக்கொண்டே போயின என்பது கதை. ஐரோப்பாவின் இடைக்காலத் தேவாலயங்களிலேயே தூண் தலைகளில் இலைகளுக்கு நடுவே விகார முகங்கள் உண்டு. ரோமனஸ்க் பாணி அதையும் கூடவே கொண்டுவந்தது. அதற்குக் காதல் தோல்வி தேவையில்லை.

கதையில் ஊரில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் பதில் சொல்லவே முடியாத ஒரு விஷயத்தில் நூறு வருடத்துக்கு மேலாக அவள் பெயர் அடிபடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் யாரைக் கூட்டிப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

செந்தில்_டல்லஸ்

மிக்க நன்றி அக்கா. படிக்கட்டைப் பார்க்காமல் விட்டது இப்போதுதான் உறைக்கிறது. அடுத்த முறை லீவு போட்டு வார நாளில் போகிறேன். கார்டன் கட்டியதில் பக்கத்தில் வேறு ஏதாவது உண்டா?

கற்கட்டு

டிகேட்டர் போங்கள், வைஸ் கவுன்டி கோர்ட்ஹவுஸ். எல்லிஸுக்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை, ஒரு வருடம் மூத்தது, 1896. இதுவும் இளஞ்சிவப்புக் கிரானைட். ரெண்டு ஊரும் 287-ஆம் நெடுஞ்சாலையில்தான் இருக்கின்றன, நடுவில் ஃபோர்ட் வொர்த். காலையில் கிளம்பினால் ஒரே நாளில் ரெண்டையும் பார்த்துவிடலாம்.